மலையேத்திராதீங்க

காரவள்ளியில் மலைப் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. பலகையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று இருக்கும். உள்ளே செல்போன் கண்ணாடி மாற்றுவதிலிருந்து பாஸ்போர்ட் போட்டோ வரை எல்லாம் நடக்கும். மலைமேல் இருக்கிறவர்கள் கெட்டுப்போன பொருளைப் பையில் போட்டுக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். நான் சரிசெய்து அதே பஸ்ஸில் ஏற்றி அனுப்புவேன். கடைப் பேச்சில் அதற்கு ‘மலையேத்தறது’ என்று பெயர். “அந்த பிரிண்டர மலையேத்தியாச்சா?” என்று என் மனைவி தினமும் ஏதாவது ஒன்றைக் கேட்பாள். எனக்கு அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு பொருள்தான் தெரியும்.

மலைமேல் திருப்புலி நாட்டிலிருந்து ஒருவர் வருவார். மிளகும் மரவள்ளியும் போடுகிற மனிதர். கையில் ஒரு பழைய லேப்டாப். மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனபோது அதை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நாலு வருஷமாக அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் லேப்டாப்பைத் துண்டால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். கோபக்காரர்கள் பலரையும் பார்த்திருக்கிறேன், இவர் கோபம் துண்டோடு சரி என்று மனைவியிடம் கேலி பேசியிருக்கிறேன்.

அவரை ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்றச் சொன்னதே நான்தான். “பழசு இனிமே தாங்காதுங்க, புதுசு போட்டுடலாம்” என்று சொல்லி அரை நாளில் ஏற்றிக் கொடுத்தேன். அந்த மாடலுக்குப் பொருத்தமான பவர் டிரைவரை, அதாவது மெஷினைத் தூங்கவைத்து எழுப்புகிற சின்ன மென்பொருளை, தேடிப் போட்டிருக்க வேண்டும். தேடச் சோம்பல். பொதுவாக எல்லாவற்றுக்கும் வருகிற ஒன்றோடு விட்டுவிட்டேன். ஓடுகிறதே, போதாதா என்று இருந்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் பையோடு வந்து நின்றார். மூடி வைத்தால் தூங்குகிறது, திறந்தால் சில நேரம் எழுவதில்லை. பக்கவாட்டில் இருக்கும் சின்ன வெள்ளை லைட் மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கிறது. பைக்குள் வைத்தால் சூடாகிறது, காலையில் முழுசாக இருந்த சார்ஜ் மத்தியானம் இருப்பதில்லை. அன்றைக்கே உட்கார்ந்து பார்த்திருக்கலாம். கடையில் கூட்டம். “அதுக்கும் வயசாயிடுச்சுங்க, எழுப்புனா உடனே எந்திரிக்குமா? அடுத்த வாட்டி எறங்கறப்ப பாத்துடலாம்” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

போகும்போது ஒன்று கேட்டார். “ஏனுங்க, இதுல ஒண்ணு எழுதலாம்னு இருக்கறனுங்க. மூடுனா அழிஞ்சு போயிருமுங்களா?”

சேவ் செய்யக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. “நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க. எழுதிட்டு அப்படியே மூடி வெச்சுடுங்க. தூங்கி எந்திரிச்சாலும் எழுதுனது இருக்கும்” என்றேன். என் வாயால் சொன்னது.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. ரெண்டு மூணு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை கண்டக்டர் அந்தப் பையை மட்டும் கடையில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவருடைய மனைவி. எங்கோ காற்றடிக்கிற மேட்டில் நின்று பேசினார் போல, பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

“படம் வர மாட்டேங்குதுங்க. லைட்டு மட்டும் மினுங்குது. புள்ள ஞாயித்துக்கெழம வாராளுங்க. அவ வர்ற வரைக்கும் மலையேத்திராதீங்க சாமி.”

“சரிம்மா, மலையேத்தல. பாப்பா வந்தே வாங்கிக்கட்டும்” என்றேன். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், லைன் போய்விட்டது.

பையைப் பிரித்தேன். உள்ளே துணி சுற்றிய லேப்டாப், சூடாக இருந்தது. லைட் மினுங்கியது. திறந்தால் கறுப்புத் திரை. கடையிலிருந்த பெரிய மானிட்டரைச் செருகிப் பார்த்தேன். சட்டென்று படம் வந்துவிட்டது. எழுதுகிற பக்கம் ஒன்று திறந்திருந்தது. முதல் வரியில் ஒரே ஒரு சொல். கீழே திரை நிறைய எழுத்து. மவுஸ் நகரவில்லை, விசை எதற்கும் அசையவில்லை. வாடிக்கையாளர் எழுதியதைப் படிக்கக் கூடாது என்பது என் கடைச் சட்டம், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பார்வையை எடுத்துக்கொண்டேன். அப்படியே அரை மணி நேரம் விட்டிருந்தால் தானாகத் தெளிந்திருக்குமோ, இன்னும் ரெண்டு வழி பார்த்திருந்தால் பிடி கொடுத்திருக்குமோ, தெரியாது. வாசலில் நாலு பேர் நின்றார்கள். அவரிடம் சேவ் செய்ய வேண்டாம் என்று நானே சொன்னது நினைவுக்கு வரவில்லை, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். லைட் நின்றது.

பிறகு, முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்தேன். சரியான பவர் டிரைவரைத் தேடிப் போட்டேன். தூக்கத்துக்குப் போகிற அமைப்புகளைத் திருத்தினேன். இருபது தடவை மூடித் திறந்து பார்த்தேன். இருபது தடவையும் எழுந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து கடையைத் திறக்கிறேன், அந்த அம்மா நிற்கிறார். மனசு கேட்காமல் பஸ் ஏறி இறங்கி வந்துவிட்டாராம். நான் உற்சாகமாக மூடிக் காட்டினேன், திறந்து காட்டினேன். “பாருங்கம்மா, டக்குனு எந்திரிக்குது.”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அவரு எழுதுனது எங்கீங்க?”

“எது எழுதுனது?”

“மலையேத்திராதீங்கன்னு சொன்னனேங்க.”

“ஆமாம்மா, அதான் அனுப்பாம வெச்சிருக்கேன்.”

பிறகுதான் மெதுவாகச் சொன்னார். விளக்கை அணை என்று அவர்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்களாம். மலையேத்து என்பார்களாம். எங்கள் வீட்டில் சாமி விளக்கு கிடையாது. என் அத்தா ‘லைட்ட அமத்து’ என்பார், நானும் அதையேதான் சொல்வேன். மலைக்கு அடியில் பிறந்து, மலையேத்தி மலையேத்திப் பிழைத்தவனுக்கு அந்தப் பொருள் தெரிந்திருக்கவில்லை.

அந்த அம்மாவின் கணவர் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மூணு நாள் சாயங்காலம் ஒற்றை விரலால் மகளுக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தாராம். அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. என்ன எழுதறீங்க என்று கேட்டதற்கு, முடிச்சுட்டுச் சொல்றேன் என்றாராம். நாலாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். அந்த அம்மா லேப்டாப்பை மூடி, சார்ஜரில் போட்டு, அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்த வெள்ளை லைட் மினுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. “அவரு வெச்ச வெளக்குங்க அது. எழவுக்கு வராத புள்ள காரியத்துக்கு வந்து படிக்கோணும்னு காத்துட்டிருந்தனுங்க” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கு மீதி நாள் முழுக்கத் தேடினேன். தெரிந்த மென்பொருள் எல்லாவற்றையும் ஓடவிட்டேன். சேவ் செய்யாத எழுத்து ஹார்ட் டிஸ்கில் ஏறவே இல்லை, எங்கிருந்து கிடைக்கும்? கடையின் பின்பக்கம் போய் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். காரியத்துக்கு வந்தவர்கள் வாசலில் இருந்தார்கள். மகள் தூணோரம் நின்றிருந்தாள். கண் காய்ந்து கிடந்தது. இன்னும் அழவே இல்லை என்று அவள் அம்மா சொன்னார்.

லேப்டாப்பை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். டிரைவர் போடாமல் விட்டது, சேவ் செய்யச் சொல்லிக்கொடுக்காதது, மலையேத்தறது என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டது, எல்லாம்.

“ஒண்ணுமே பாக்கலீங்களா?” என்றாள்.

“மொத வரி மட்டும் கண்ணுல பட்டுச்சு. ஒரே ஒரு வார்த்தை.”

“என்னன்னு?”

“கண்ணு.”

அவள் உதடு அசைந்தது. “அப்புறம்?” என்றாள்.

“அதுக்குள்ள நான் அணைச்சுட்டேன் கண்ணு” என்றேன்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையிடமும் அப்படித்தான் பேசுவோம், யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.