உயிரோடு இருப்பவளுக்கு வெள்ளை ரோஜா

விமலாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பாத்திரங்கள்தான் சத்தம் போடும். சிட்னியின் நார்த்மீட்டில் பக்கத்து வீட்டுப் பாலகிருஷ்ணன், அவள் குக்கரை மேடையில் இறக்குகிற ஓசையைக் கேட்டுவிட்டுத்தான் அன்றைக்கு அவளோடு பேசலாமா கூடாதா என்று முடிவு செய்வார். செவன் ஹில்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் அவள் நர்ஸ். அங்கே ஊரார் அம்மாக்களுக்கெல்லாம் தலை சீவி, பொறுமையாகக் கஞ்சி ஊட்டுவாள். பெற்ற அம்மாவோடு மட்டும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

காரணம் ஒரு வேட்டி. சிட்னியின் ஜூலைக் குளிரில் அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியவன் அவள் புருஷன் பிரதீப்குமார். விவாகரத்து ஆனதும் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டான். அவனைத் தீபாவளிக்கு ஈரோட்டுக்கு அழைத்து, எண்ணெய் வைத்து, ஜரிகை வேட்டி கொடுத்து, இலை போட்டு விருந்து வைத்தாள் அம்மா ராஜேஸ்வரி. அடுத்த வருஷமும் வைத்தாள்.

"உனக்குத்தாண்டி அவரு புருஷன் இல்ல. எனக்கு மாப்பிள்ளைதானே?"

கோர்ட்டுக்கே தோன்றாத இந்த நுட்பத்தைக் கேட்டுப் போனை வைத்தவள்தான் விமலா. அம்மா அதற்குப் பிறகும் வேட்டியை நிறுத்தவில்லை.

இல்லத்தில் கூட வேலை பார்க்கிற லியென் வியட்நாம்காரி. அவர்களுடைய புத்தாண்டான டெட் வந்தால் வாழையிலையில் கட்டிய சோற்றுக்கட்டி, நிலாத் திருவிழா வந்தால் மூன்கேக் என்று எதையாவது விமலாவின் லாக்கரில் திணித்துவிட்டுப் போவாள். ஆகஸ்டில் 'வு லான்' விழாவுக்குத் தங்கள் புத்தர் கோயிலான பகோடாவுக்கு வா என்றாள். அது அம்மாக்களுக்கான விழா என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் இவள் வரமாட்டாள் என்பது இல்லத்தில் சமையற்காரர் வரைக்கும் தெரிந்த விஷயம்.

பகோடாவில் பிக்கு கதை சொன்னார். லியென் காதோரமாக ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். ஒரு மகன் பெரிய ஞானியாகிறான். செத்துப்போன அம்மா பசிப்பேய்கள் நடுவே கிடப்பதைப் பார்க்கிறான். சோறு கொடுத்தால் அது அவள் வாய்க்குப் போகுமுன் நெருப்பாகிறது. உயிரோடிருந்தபோது செய்ததற்குத் தண்டனை. துறவிகளையெல்லாம் கூட்டிப் பிரார்த்தனை செய்து மகன் அவளை மீட்கிறான்.

"விட்டிருக்கலாம்" என்றாள் விமலா.

பிறகு தட்டு வந்தது. அம்மா இருக்கிறவர்கள் சிவப்பு ரோஜா குத்திக்கொள்ள வேண்டும். இல்லாதவர்கள் வெள்ளை. லியென் வெள்ளையை எடுத்தாள். விமலாவும் வெள்ளையையே எடுத்தாள்.

லியென் திடுக்கிட்டாள். "சொல்லவே இல்லையே! எப்போது?"

"ஒரு தீபாவளியன்று" என்றாள் விமலா.

லியென் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, இருவரையும் சேர்த்துப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டாள். 'தாயை இழந்த இரு மகள்கள்' என்று கீழே எழுதி, சிவப்புக்கும் வெள்ளைக்கும் அர்த்தமும் சொன்னதோடு விமலாவின் பெயரையும் கோத்துவிட்டாள்.

இரங்கல் சொல்வதில் சிட்னித் தமிழர்களை யாரும் முந்த முடியாது. விமலா வீடு வந்து சேருமுன் 'ஓம் சாந்தி' வரிசை கட்டி நின்றது. பாலகிருஷ்ணன் குக்கர் சத்தத்துக்குக்கூடக் காத்திராமல் உப்புமாவோடு வந்தார்.

"கடைசியா முகம் பாக்கக்கூடக் குடுத்து வெக்கலையேம்மா!"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். விமலா உப்புமாவை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஈரோட்டிலிருந்து போன் வந்தது.

"நான் எப்படிடி செத்தேன்? அதையும் எழுதிப் போட்டிருக்கலாமில்ல?"

"நானா எழுதினேன்?"

"பூவ யாரு வெச்சுக்கிட்டது? உன்ற நெஞ்சுல வேற எவளோ வந்து குத்திட்டுப் போனாளா?" ராஜேஸ்வரி மூச்சு வாங்கினாள். "காலைல பெல்லு அடிக்குது. தொறந்தா மாப்பிள்ளை. கையில ஆளுசரத்துக்கு ரோஜா மாலை. என்னையப் பாத்ததும் அலறிட்டாரு."

விமலாவுக்குச் சிரிப்பு முட்டியது. விழுங்கினாள். "அப்புறம்?"

"அப்புறமென்ன, அத்தன தூரம் காரோட்டிட்டு வந்த மனுசன். இட்லி வெச்சுக் குடுத்தேன்."

முட்டிய சிரிப்பு அங்கேயே செத்தது. "உன்ற சாவுக்கு வந்தவனுக்கும் இட்லியா?"

"பசிச்ச வயித்தோட அனுப்பச் சொல்றியா? மாலைய சாமி படத்துக்குப் போட்டுட்டேன். நல்ல பூவு. அத விடு. நீ செவப்புப் பூ வெச்சு இன்னொரு போட்டோ போடு. பால்காரன் என்ற கையத் தொட்டுப் பாத்துட்டுப் பால் ஊத்தறான்டி."

"போடறேன். இந்தத் தீபாவளிக்கு அவனுக்கு வேட்டி இல்லைன்னு சொல்லு."

மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்றது. "அதெப்படிடி, வருஷா வருஷம் குடுத்துட்டு..."

"செருப்புகூட இல்லாம வெளிய நின்னேன்மா. உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஜரிகை போட்டுக் குடுக்கற."

"ஒரு நாள் நடந்தத..."

"அப்ப நீ செத்தவளாவே இரு."

செப்டம்பர் முழுக்க ராஜேஸ்வரி பேஸ்புக்கில் செத்தவளாகவே இருந்தாள். லியென் அவளுக்கும் சேர்த்து ஊதுவத்தி ஏற்றினாள். விமலா தடுக்கவில்லை.

தீபாவளியன்று, மதிய ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஆளில்லை, இலையில்லை. அம்மாவின் அடுப்படியில் கிரைண்டர் மட்டும் நின்றது. தூசி படாமல் அதன்மேல் ஜரிகை வேட்டி போர்த்தியிருந்தது. கூடவே ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை.

விமலா படத்தைப் பெரிதாக்கினாள். கரையோரம் கடைக்காரன் ஒட்டிய லேபிள் அப்படியே இருந்தது. ஆக, இந்த வருஷமும் அவனுக்கென்று போய் வாங்கித்தான் வைத்திருக்கிறாள். மனசு மாறியதெல்லாம் அதற்குப் பிறகுதான்! பழைய கோபம் ஆறுவதற்குள் புதுக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினாள். வாளியில் வைத்திருந்த சிவப்பு ரோஜா ஒன்றை வாங்கினாள். இல்லத்துக்குப் போனதும் யூனிபாரத்தில் குத்திக்கொண்டு, லியெனிடம் போனை நீட்டினாள்.

லியென் பூவைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். ஊதுவத்தி ஏற்றியதெல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"உயிரோடதான் இருக்கா. அப்புறம் என்னைத் திட்டிக்கோ" என்றாள் விமலா.

"சிரி" என்றாள் லியென், பல்லைக் கடித்துக்கொண்டு.

"முடியாது. எடு."