கிழக்கே பார்த்து நின்ற ஜெர்மன் இன்ஜின்

எனக்கு ரயில் பைத்தியம். வீட்டில் கேட்டால் முற்றிய நிலை என்பார்கள். மதுரை செல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் சிக்கந்தர், ஜெர்மன் நீராவி இன்ஜின் ஒன்றைச் சிறிய அளவில் செய்து எழுமலையில் ஓட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், தை மாத ஞாயிறு ஒன்றில் கிளம்பிவிட்டேன்.

காலை 6.10க்கு மதுரை ஜங்ஷன். செல்லூருக்கு ஆட்டோ நூற்றியிருபது ரூபாய். "ரயிலு செய்யிறாரே, அவர் பட்டறைக்கா?" என்று டிரைவரே கேட்டுவிட்டார். பேரம் பேச வாய் வரவில்லை.

இன்ஜின் ஒரு தையல் மெஷின் மேசை நீளம்தான், ஆனால் தூக்க நாலு பேர் வேண்டும். மலைப்பாங்கான கிளைப் பாதைகளுக்காக ஜெர்மானியர்கள் கட்டிய 94ஆம் வகுப்பின் சிறு வடிவம் இது. ஐந்து ஜோடிச் சக்கரம், தண்ணீரும் கரியும் தன் முதுகிலேயே. நான் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து சிக்கந்தரின் மனைவி ஜமீலா, "ஏற்கெனவே ரெண்டு தடவ தோப்பு மேட்டுல ஏறலண்ணே. இன்னிக்கும் ஏறலைன்னா எடைக்குப் போட்டுர்றேன்னு இவரே சொல்லிட்டாரு. பட்டறைல நிக்க இடமில்ல" என்றார். சிக்கந்தர் குனிந்தபடி சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

லோடு வேனில் உசிலம்பட்டி வழியாக ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். எழுமலையில் சிக்கந்தரின் நண்பர் பாண்டியின் மாந்தோப்பு. அதில் குட்டித் தண்டவாளம் போட்டிருந்தார்கள்: கொஞ்ச தூரம் சமதளம், பிறகு மேற்கே மோட்டார் ரூம் வரை ஏற்றம். பாண்டியின் அக்கா செல்லம்மா சூடத்தோடு தயாராக நின்றார். புது வண்டி என்றால் கிழக்கே பார்த்துத்தானே நிற்க வேண்டும்? நிறுத்தினார்கள். சூடம் காட்டி, எலுமிச்சை நசுக்கி, அப்படியே பின்பக்கமாக ஏற்றத்தில் விட்டார்கள்.

பாதி ஏற்றத்தில் சிக்கந்தர் கத்தினார். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் காலி! அடுப்பின் மேல்தகட்டைத் தண்ணீர் மூடியிருக்காவிட்டால் கொதிகலன் வெந்து வீணாகிவிடும். நெருப்பை அவசரமாக இழுத்துக் கொட்டினார்.

"போச்சு மாப்ள. ரெண்டு தடவ பிரிச்சு வெல்டு வச்சும் இன்னும் ஒழுகுது" என்று பாண்டியிடம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது.

இன்ஜினை நானும் பாண்டியும் கீழே உருட்டி வந்தோம். சமதளத்துக்கு வந்ததும் குழாயில் பாதிக்குத் தண்ணீர்! அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஜெர்மன் மலைப் பாதைகளில் இன்ஜினின் முன்பக்கப் புகைபோக்கியை மேட்டுப் பக்கம் வைத்து ஏறுவார்களே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே புகைபோக்கி பள்ளத்தைப் பார்த்திருந்தது. தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் ஓடி, குழாய் இருக்கும் அடுப்புப் பக்கம் காய்ந்திருக்கிறது.

"போன தடவையும் கிழக்கே பாத்துத்தான் விட்டீங்களா?"

"ரெண்டு தடவையும்ணே. அக்கா விடுமா?" என்றார் பாண்டி.

இன்ஜினைத் திருப்ப வேண்டும் என்று நான் சொன்னதும் செல்லம்மா மறித்தார். "மொதப் பயணம், மேக்கப் பாத்தா? நல்லாச் சொன்னீங்க!"

சிக்கந்தர் எழுந்து மண்ணைத் தட்டினார். "அக்கா, ஒங்க தெசையில மூணு தடவ நின்னாச்சு. நாங்க தொழுகுறது மேக்கப் பாத்துத்தான். ஒரு தடவ எங்க தெசையில விடுக்கா."

செல்லம்மா சூடத் தட்டைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன தம்பி? இம்புட்டு நாளு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று தானே முன்பக்கத்தைப் பிடித்தார்.

மறுபடி கரி, மறுபடி காத்திருப்பு. சிக்கந்தர் "பிஸ்மில்லா" என்று நீராவியைத் திறந்தார். பின்னால் கோத்த தள்ளுவண்டியில் ஜமீலா. சக்கரம் ஒருமுறை வழுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. மோட்டார் ரூம் எட்டும்வரை சிக்கந்தரின் கண் குழாயைவிட்டு நகரவில்லை. மேலே போய் விசில் ஊதினார், நிறுத்தாமல். நான் அழுதேன், வெட்கமென்ன?

போக நினைப்பவர்களுக்கு: மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஓட்டுகிறார்கள், கட்டணமில்லை. ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் பிடித்து, அங்கிருந்து எழுமலைக்கு மாறுங்கள். தொப்பி அவசியம், வெயில் மண்டையைப் பிளக்கும். இடுப்பு வலி இருந்தால் மட்டும் தள்ளியே நில்லுங்கள். ஒவ்வொரு முறையும் கிழக்கே பார்த்து எலுமிச்சை நசுக்கிய பிறகுதான் இன்ஜினை மேற்கே திருப்புகிறார்கள். தூக்க நாலு பேர் வேண்டும், செல்லம்மா விருந்தாளி என்றெல்லாம் பார்ப்பதில்லை.