கொட்டகைக்குள் மூட்டிய கரி

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல், காரின் பின்னால் கரியடுப்பு பொருத்தி அதன் வாயுவில் ஓட்டுகிறேன். விடியலில் கிளம்பித் தரங்கம்பாடிக் கோட்டையையும் கடலையும் பார்த்துவிட்டு மறுநாள் காளப்பநாயக்கன்பட்டி திரும்பத் திட்டம்.

கொல்லிமலைக் குளிர் இறங்கியிருந்ததால் கார் நிற்கும் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பை மூட்டினேன். மனைவியும் மகளும் காரில் ஏறிவிட்டார்கள்.

"அப்பா, தலை கனக்குதுங்க" என்றாள் மகள்.

"வெள்ளனே எந்திரிச்சதுதான் கண்ணு. தூங்கு, கடல் வந்ததும் எழுப்பறேன்."

விட்டத்தில் அடைந்திருந்த கோழி பொத்தென்று விழுந்தது, அசையவில்லை. கரிவாயு நஞ்சென்று அப்போதுதான் உறைத்தது. கால்கள் துவள, கதவைத் திறந்து இருவரையும் வெளியே இழுத்துப் போட்டேன்.

மனைவி சீக்கிரமே எழுந்தாள். மகள் வெகுநேரம் கழித்துத்தான் கண் விழித்தாள்.

"கடல் வந்துருச்சுங்களாப்பா?"

இப்போது வெட்டவெளியில்தான் கரி மூட்டுகிறேன். காரில் யாரையும் தூங்கச் சொல்வதில்லை.