அரிசிப்பானையைத் தொறந்த லீலாபாயி அக்கா

லீலாபாயி அக்கா போயிட்டாவ... இண்ணு காலம்பற, காரக்கோணத்து ஆஸ்பத்திரியில வச்சு. ஹார்ட்டாக்கும்.

நம்ம பஞ்சாயத்து வார்டுல வீடு வீடா வந்து நோய் விசாரிக்குத ஆஷா வர்க்கரா இருந்த அக்காதான். கறுத்த குடை ஒண்ணு உண்டு. வெயிலும் இல்ல மழையும் இல்ல, அப்பவும் விரிச்சிட்டுத்தான் நடப்பாவ. நாயைக் கண்டா மட்டும் மடக்குவாவ! அது கெடக்கட்டு... சொல்ல வந்தது வேற.

எனக்கு டிபி வந்தப்ப தெனமும் வீட்டுக்கு வருவாவ. நான் மாத்திரை முழுங்கி வாயத் தொறந்து காட்டினாத்தான் போவாவ.

ஒரு நாளு, நான் ஒழுங்கா கஞ்சி வைக்குதேனா எண்ணு பாக்க அடுக்களையில போய் அரிசிப்பானையைத் தொறந்தாவ. வீட்டுல நான் தனியாக்கும் தாமசம். உள்ள ஒரு குப்பி.

"எலே மணியா, இது எந்த மருந்து?"

"சத்து மாத்திரை அக்கா."

"சத்து மாத்திரைய எவன்லே அரிசிக்குள்ள பூத்தி வைப்பான்?"

அது எச்.ஐ.வி.க்க மருந்து.

ஆமா மக்கா, எனக்கு அது உண்டு. இங்க கேரளத்துல ஒருத்தனும் அறியாம இருக்க, பார்டர் தாண்டி தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில மருந்து வாங்குவேன். அங்க டிபிய பறயல்ல, இங்க இத பறயல்ல. இங்க எச்.ஐ.வி. பாக்க ரத்தம் டெஸ்டுக்கு கூப்பிட்டா நாளைக்கு வாறேன், நாளைக்கு வாறேன் எண்ணு நழுவுவேன்... பெரிய புத்திசாலி எண்ணு நெனப்பு.

அக்கா அப்பிடியே தரையில இருந்துட்டாவ. "இது உள்ளவனுக்கு டிபி சட்டுனு பிடிக்கும்லே. டிபி மாத்திரை இந்த மருந்துக்க வீரியத்த கொறச்சும் போடும். ரெண்டு டாக்டரும் அறியல்லேங்கி நீ செத்துப் போவ."

"ஊரறிஞ்சா அக்கா?"

"ஊருக்கு எதுக்குலே? டாக்டருமாருட்ட பறஞ்சா போரும்."

மறுநாளு அந்த தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக உதியன்குளங்கரையில நான் பஸ் ஏறினேன். அக்கா பாறசாலையில ஏறி, என்னைத் தெரியாத மாதிரி முன்சீட்டுல இருந்தாவ. கண்டக்டரு எங்க போறிய எண்ணு கேட்டதுக்கு, "மீன் வாங்க."

மீன் வாங்க ஆஸ்பத்திரி டாக்டரு ரூம் வரைக்கும் வந்தாவ!

டாக்டரு நல்லா ஏசினாரு. பிறவு, மருந்துக்க வீரியம் கொறையாம இருக்க, அந்திக்கும் ஒரு மாத்திரை கூட்டித் தந்தாரு. இங்க டிபி டாக்டருட்டயும் போய் பறஞ்சேன்.

டிபி போச்சு. மற்ற மருந்து தெனமும் உண்டு. ரப்பர் வெட்டப் போறேன், நல்லா தின்னுதேன், உடம்பும் கொஞ்சம் தடி வச்சாச்சு.

அக்கா இத ஒருத்தருட்டயும் பறயல்ல. அவியள கெட்டின அண்ணனிட்ட கூட. இண்ணு உங்க எல்லாருட்டயும் நான்தான் பறஞ்சேன்...

அடக்கத்துக்கு வாறேன் அக்கா. ஒரு பிடி மண்ணு எனக்க கையால போடணும். நான் சுகமா இருக்கேன், நீங்க உறங்குங்க.