வடக்கே தலை வைத்து விழுந்தவர்

சுவிஸில், துன் நகரத்தில் ஏரியோரமாக உள்ள ஒரு ஹோட்டலில் நான் துணி தோய்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பாணும் தேத்தண்ணியும்தான் சாப்பாடு. வெள்ளிக்கு நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. அங்கே எல்லாச் சட்டியிலும் இறைச்சி. ஒரு வெள்ளி, குசினி மேல்தட்டில் சின்னச் சட்டி ஒன்று தனியாக இருந்தது. உள்ளே உருளைக்கிழங்குப் பிரட்டல். மூடியில் மஞ்சளால் ஒரு பொட்டு. பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அது இருந்தது. சுவிஸ்காரச் சமையல்காரர்தான் இரக்கப்பட்டு வைக்கிறார் என்று அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சுவிஸ்காரருக்கு மஞ்சள் பொட்டு எங்கேயிருந்து வந்தது என்று யோசிக்க எனக்குக் கனகாலம் எடுத்தது.

வைத்தவர் பாத்திரம் கழுவும் உருத்திரமூர்த்தி அண்ணை. காரைநகர்க்காரர், தனி மனிதர். கேட்டால்தான் கதைப்பார், கேட்டதற்கு மட்டும்தான் கதைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி பூம்ப்ளிஸுக்குப் போவார். அங்கே ஒரு கட்டடத்தின் நிலவறையை வாடகைக்கு எடுத்துக் கோயில் நடத்தினோம். மடப்பள்ளி அவர் கையில். அவர் பொங்கும் சர்க்கரைப் புக்கை இல்லாமல் திருவிழா இல்லை. அவருக்கும் அதைவிட வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் யப்பானுக்குப் போனார். எங்கள் ஹோட்டலுக்கு வருடாவருடம் வரும் லீக்ட்டி என்ற முதிய சுவிஸ் அம்மா சக்கர நாற்காலி வண்டியில் இருப்பவர். யப்பானியக் கோயில்களைப் பார்க்க ஒரு சுற்றுலாவில் இடம் பதிந்திருந்தார். வண்டி தள்ள வேண்டிய பெறாமகன், தங்கையின் பிள்ளை, பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொள்ள, அந்த அம்மா அண்ணையைக் கூட வரச்சொல்லிக் கேட்டார். செலவெல்லாம் அவருடையது.

எங்கள் சனம் இதை நம்பவில்லை. சட்டி கழுவுகிறவனை யார் யப்பானுக்குக் கூட்டிப்போவினம் என்று கேட்டார்கள். அவர் ஏஜென்சி வேலை தொடங்கிவிட்டார், யப்பான் வழியாகக் கனடாவுக்கு ஆள் ஏற்றப்போகிறார் என்று ஒரு கதை. அந்த அம்மாவின் சொத்துக்குத்தான் அடி போடுகிறார் என்று இன்னொன்று. திரும்பி வந்து எல்லோருக்கும் ஒவ்வொரு ஊதுபத்திப் பெட்டி கொடுத்தார். அதையும் மணந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினோம்.

பிறகு படம் வந்தது. லீக்ட்டி அம்மா ஆசையாக அனுப்பியதை ஹோட்டல்காரர் வேலையாட்கள் சாப்பிடும் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். மரத்தரையில் உருத்திரமூர்த்தி அண்ணை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கிறார். தலைக்கு நேரே பெரிய புத்தர்.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் புத்தர் என்றால் ஊரில் ஆமிக் காம்ப் வாசலில் இருக்கிறவர். அவரைச் சொல்லிப் பிழையில்லை, கொண்டுபோய் வைத்தவர்கள் அப்படி. படத்துக் கதை இரண்டு நாளில் பூம்ப்ளிஸுக்குப் போய்விட்டது. கோயில் சபைத் தலைவர் குலேந்திரன், புத்தருக்கு விழுந்த கை இனி அமுது காய்ச்சக்கூடாது, திருவிழாவுக்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்றாராம். அண்ணைக்கு நேரே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு கதைப்பது மட்டும் குறைந்தது.

அந்த வெள்ளியும் மேல்தட்டில் சட்டி இருந்தது. மஞ்சள் பொட்டும் இருந்தது. முருகா, இதைச் சாப்பிடலாமோ என்று நின்றேன். சாப்பிடாமல் விட்டால் அவருக்கு விளங்கிவிடும். கேட்டுவிடுவோம் என்று கேட்டேன்.

கையைத் துடைத்துவிட்டு வந்து அவர் சொன்னார். அது காலைச் சுற்றுலா. கொடி பிடித்த ஒரு யப்பான் வழிகாட்டிப் பெட்டை ஜேர்மன் மொழியில் கதைத்துக்கொண்டு முன்னுக்குப் போக, இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னுக்கு. அவருக்கும் எல்லாம் சந்தேகம்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது களவு போகுமென்று பைக்குள் வைத்துக்கொண்டாராம். முதல் இரண்டு கோயிலிலும் கையெடுத்துக் கும்பிடவேயில்லை. மூன்றாவதில் ஒரு பக்கமாக, மடியில் வீணை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு அம்மன் இருந்தா. முந்தி இந்தியாவிலிருந்து வந்த தெய்வம், தண்ணீருக்கும் பாட்டுக்கும் உரியவ என்று அந்தப் பெட்டை சொன்னதும் இவருக்கு மேல் கூசிவிட்டது. எங்கள் சரஸ்வதி, இத்தனை தூரத்தில் தனிய இருக்கிறா.

“அம்மன் கிழக்கைப் பாத்துக்கொண்டு இருந்தவ. அப்ப வடக்கைதானே தலை வைச்சு விழவேணும். வடக்கு எதெண்டு அந்தப் பிள்ளையைக் கேட்டன், காட்டினா, விழுந்தன். வடக்கிலை அவர் இருந்தார், தங்கச்சி. நான் என்ன செய்ய?”

முறை சரிதான். கிழக்கு, மேற்குப் பார்த்த சந்நிதியில் வடக்கே தலை வைத்துத்தான் நாங்கள் விழுந்து கும்பிடுவது. ஆனால் படத்தில் அம்மன் இல்லை. லீக்ட்டி அம்மா வண்டியிலிருந்து எடுத்த படம், பக்கத்தில் இருந்த அம்மன் அதில் விழவில்லை என்றார். முழுக்க நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். சட்டியைத் திறந்து சாப்பிட்டேன்.

ஞாயிறு, குலேந்திரனிடம் இதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “படத்திலை வடக்குத் தெரியேல்லையே, அக்கா,” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

திருவிழாவுக்கு வேறு ஆள் காய்ச்சினார். புக்கை அடிப்பிடித்துவிட்டது. உருத்திரமூர்த்தி அண்ணை வரிசையில் நின்று, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டார். அவருக்கு முன்னும் பின்னும் வரிசையில் இடைவெளி இருந்தது. நல்லாயிருக்கு என்று காய்ச்சினவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் பூம்ப்ளிஸுக்கு வரவில்லை.

மார்கழியில் சூரிச்சில் ஒரு தமிழ்க் கடைக் குசினியில் வேலை எடுத்துக்கொண்டு போனார். வழியனுப்ப நான் மட்டும்தான். ஒரு பெட்டி, ஒரு பை. வெள்ளிக்கிழமைச் சட்டி மேல்தட்டில் இருக்கிறது, இறைச்சிச் சட்டிகளோடு சேர்த்துக் கழுவ விடாதேங்கோ என்று சொன்னார். ரயில் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“அண்டைக்கு விழுந்து எழும்பேக்கை புத்தரையும் ஒருக்காக் கும்பிட்டனான், தங்கச்சி. அவரின்ரை வீட்டுக்குள்ளை போயிட்டு, முகத்துக்கு நேரை பாத்துப்போட்டு, காணாத மாதிரி வரேலாது.”