மன்னனைக் காட்டிக்கொடுத்த அக்கா ரத்தம்

அன்று காலை ஏழரைக்குத்தான் எல்லாம் பிசகியது. கார் தரிப்பிடத்துக்கு அடியில் கிடைத்த இங்கிலாந்து மன்னனின் எலும்புகளை, ஐந்நூறு வருடம் கழித்து மரியாதையாக அடக்கம் செய்வதை மகள் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆளை எப்பிடியடி கண்டுபிடிச்சவை?" ஆவலில் கேட்டுவிட்டேன்.

"அவற்ற அக்கா வழி ஆக்களின்ர டிஎன்ஏயை வச்சு. அம்மா, நீங்களும் மாமாவுக்கு அக்காதானே?"

ஊரில் யுத்தம் முடிந்த நாட்களில் காணாமல் போனவன் என் தம்பி. எங்களோடு புலம்பெயர்ந்து மோர்னிங்சைடில் இருக்கும் அவன் மனைவி இன்னும் பொட்டு வைக்கிறாள். அவள் முன்னால் எலும்பு என்ற சொல்லையே நாங்கள் எடுப்பதில்லை.

"விசரி! மாமி இரவு வேலையால வாற நேரம்!" பதறி டிவியை நிறுத்தினேன்.

திரும்பினால், தம்பி மனைவி சப்பாத்தோடு வாசலில் நிற்கிறாள்.

"போடுங்கோ மச்சாள். எலும்பா வந்தாலும் எனக்கு அவர் வந்ததுதான். அவரை அடையாளம் காண உங்கட ரத்தம் போதுமெண்டா, குடுங்கோவன்."