பன்னிரண்டு விசில்

எங்கள் தெருவுக்குப் பின்னால் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த தோல்ஷாப்பை மூடிவிட்டார்கள். அதன் கழிவுத்தண்ணீர் மட்டும் மண்ணுக்குள் இறங்கி எங்கள் கிணற்றிலேயே தங்கிவிட்டது. கெட்டுப்போன கிணறுகளைச் சரிசெய்து தரப்போவதாக அதிகாரிகள் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் ரோட்டோரக் கிணறுகள் மட்டும்தான். எங்கள் கிணறு இல்லை.

கல்யாண மண்டபத்தில் ஓர் அதிகாரி அம்மா முன்னால் கருத்துக்கேட்புக் கூட்டம். தெருவுக்காக நான் பேச வேண்டுமாம். நானோ ஏழாவதோடு நின்றவள். பால்காரர் சீக்கிரம் வந்தாலே என்னமோ ஏதோ என்று பதறுகிற ஆள். எழுதிக்கொண்டு போன தாள் கை வேர்வையில் நனைந்து, மைக்கைப் பிடித்தபோது ஒரு எழுத்தும் தெரியவில்லை.

“மேடம்... எங்க தெருவுல பருப்பு வேகல” என்றேன்.

மண்டபமே சிரித்தது. நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் எதிர்வீட்டுக்காரர் எழுந்தார். “என்ன சிரிப்பு? குழாத்தண்ணி வராத அன்னைக்குக் கிணத்துத்தண்ணியில வேகவச்சுப் பாருங்க. எங்க வீட்ல பத்து விசிலு!”

“பத்துதானா? எங்களுக்குப் பன்னெண்டு வச்சாலும் வேகல!” என்றது பின்வரிசை.

“ரோட்டுப் பக்கம் நாலே விசிலு. அவுகளுக்கென்ன!”

ஏலம் மாதிரி ஆகிவிட்டது. அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை விசில் என்று கேட்டுப் பென்சிலால் குறித்தார். பெரிய எண்களெல்லாம் எங்கள் கிணற்றைச் சுற்றியே வந்து சேர்ந்தன.

“நாளைக்கு வர்றேன். என் முன்னாடி ஒருதடவை வேகவைங்க” என்றார்.

உடனே எனக்கு அடுத்த கவலை. நாளைக்கென்று பார்த்து வெந்து தொலைத்தால்? அரசாங்கத்திடம் பொய் சொன்னதாகிவிடாதா?

“வெந்தா சாம்பார் வச்சுருவோம்டி” என்றார் ராத்தா.

மறுநாள் என் வீட்டு வாசலில் அடுப்பு, குக்கரில் கிணற்றுத்தண்ணீர். தெருவே கூடி நின்று விசிலை எண்ணியது. நாலாவதில் அதிகாரி என்னைப் பார்த்தார். பன்னிரண்டில் இறக்கித் திறந்தோம். ஒரு பருப்பை எடுத்து அமுக்கினார். அது நசுங்காமல் துள்ளி அவர் சேலையில் விழுந்தது.

அம்புட்டுப் பேரும் கைதட்டினோம். பருப்பு வேகாததற்கு வேறெந்த வீட்டிலும் இப்படிக் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கிணற்றுச் சுவரில் மஞ்சள் பெயிண்டால் பட்டியல் எண்ணை எழுதச் சொன்னார்.

“மழை பெஞ்சா அழிஞ்சிருமா மேடம்?”

“அழியாதும்மா.”

அவர் ஜீப் தெருமுனை திரும்பியதும், எதற்கும் இருக்கட்டும் என்று, அந்த எண்மேல் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிவைத்தேன்.